பெறுபவர் மறுத்தார்

"நேத்து வந்ததா சொன்னியே, அந்தக் கடுதாசி இங்கதான இருக்கு? குடுத்துரு தேவதாஸ். அவ சாவப்போறா."

மாணிக்கவாசகம் தபாலாபீஸ் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். காஜா பெராங்கில் இருந்த வீட்டிலிருந்து மிதித்து வந்த சைக்கிள் வாசலில் விழுந்து கிடந்தது. பொழுது சாயும்வரைகூடத் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். காலையிலிருந்து மாணிக்கவாசகத்தின் மனைவி சிவகாமி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஜெயா ஏதாச்சும் எழுதுனாளா?"

மகள் ஜெயா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு ஈப்போவுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. தகப்பன் தலைமுழுகிவிட்டார். தாய் முழுகவில்லை.

குமாஸ்தா தேவதாஸ் ஒரு பாரத்தை எடுத்து வைத்தான். "அண்ணி பேருக்கு வர்றதெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லி நீங்கதான குடுத்தீங்க? ஆறு கடுதாசி போயிருச்சி. இது ஏழாவது. ரத்து பண்ணணும்னா அவங்களேதான் கையெழுத்து போடணும். ரூலு அப்படிலா அண்ணே. என் வேலை போயிரும்."

பாரத்தின் அடியில் சிவகாமியின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த புதிதில், ஊரே குடியுரிமைக்கு வரிசையில் நின்றபோது, இதுவும் அதற்குத்தான் என்று சொல்லி வாங்கியது. ஆங்கிலப் பாரம், அவளும் நம்பிப் போட்டாள். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அன்று நினைத்துக்கொண்டார். 'பெறுபவர் மறுத்தார்' என்ற முத்திரையோடு திரும்பிய ஒவ்வொரு கடிதத்தையும் பார்த்து, அம்மாவே தன்னை வேண்டாமென்கிறாள் என்றுதான் ஜெயா நினைத்திருப்பாள். பாவி மனிதருக்கு அது இப்போதுதான் உறைத்தது.

தேவதாஸ் புதுப் பாரத்தோடு மைப்பெட்டியையும் தள்ளினான். "கை நடுங்குனா பெருவிரல் போதும்."

வீட்டில் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா சிவகாமியின் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலருகே மண்டியிட்டார்.

"ஜெயா எழுதுனா சிவகாமி. ஏழு கடுதாசி. ஆற நான்தான் திருப்பி அனுப்ப வச்சேன். ஒன்னு தபாலாபீஸ்ல இருக்கு. உன் கையெழுத்த வச்சே... இதுல விரல வையி. ஓடிப்போயி எடுத்தாந்துர்றேன்."

அவள் அவரையே பார்த்தாள். கை மெல்ல மூடிக்கொண்டது.

"கோவத்த அப்புறம் வச்சிக்கம்மா. உன் கால்ல விழுறேன்."

மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். ரேகை நடுக்கமே இல்லாமல் முழுசாக விழுந்தது. அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தார். கண்கள் நிலைகுத்தியிருந்தன.

ஆனாலும் போனார். தேவதாஸ் பாரத்தை வாங்கிக்கொண்டு, எதுவும் கேட்காமல் கடிதத்தைக் கொடுத்தான்.

திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் சேலையை மறைப்பாகக் கட்டிச் சிவகாமியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னம்மா தலையை நீட்டினாள்.

"மாமா, அக்கா விரல்ல என்ன மை இது? சீயக்கா போட்டுத் தேச்சும் போவலையே?"

மாணிக்கவாசகம் சட்டைப்பையில் பிரிக்காமல் இருந்த கடிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுரும்மா" என்றார்.

மறைப்புக்குள் மறுபடியும் தேய்க்கும் சத்தம் கேட்டது.