சுவர்ப்பக்கம் திருப்பிய விளக்கு

மகாதேவன் வீட்டில் சாம்பிராணிப் புகையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. யாரும் வகுத்த விதியல்ல அது. அவர் மனைவி மல்லிகா இறந்த பிறகு தானாகவே அமைந்தது. தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் பணியாற்றி ஓய்வுபெற்ற மகாதேவன், பாணேரில் மகனின் அடுக்ககத்துக்குக் குடிவந்தபோது மனைவியின் படத்தையும் அவளுடைய தூபக்காலையும் தவிர வேறெதையும் வற்புறுத்திக் கொண்டுவரவில்லை. மாலையில் விளக்கேற்றியதும் தணலில் சாம்பிராணியைத் தூவுவார். "இந்த வாசனை இருக்கிறவரைக்கும் அவ வீட்டுல இருக்கா," என்று ஒருமுறை சொன்னார். அதற்குப்பின் யாரும் வாய் திறக்கவில்லை.

எதிரே புதிய கட்டடம் எழுந்துகொண்டிருந்ததால், தூசு வராதிருக்க, சன்னல்கள் எப்போதும் மூடியிருந்தன. பேத்தி தீபாவுக்கு இழுப்பு வரத் தொடங்கியது. வீட்டுக் காற்றைக் கவனிக்கும்படி மருத்துவர் சொல்ல, மகன் முகுந்த் காற்றைச் சுத்தப்படுத்தும் கருவியொன்றை வாங்கிவந்தான். காற்று நன்றாயிருந்தால் அதன் விளக்கு நீலமாக எரியும்; கெட்டால் சிவக்கும். மாலைதோறும் சிவந்தது.

"எதிர்ல கட்டற பில்டர் பேரைக் கேட்டாலே மெஷினுக்கும் கோபம் வருது பாரு," என்பார் மகாதேவன். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் முகுந்த், "கண்ணு கூசுதுப்பா," என்று கருவியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தான்.

தசராவுக்குக் கட்டடத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனார்கள். மருமகள் கிருஷ்ணப்ரியா பகல் முழுவதும் சன்னல்களைத் திறந்துவைத்தாள். சுவரில் நீல ஒளி மாறாமல் விழுந்துகொண்டிருந்தது. அந்தியில் கொசுவுக்குப் பயந்து சன்னல்களை அடைத்தார்கள், தூபக்கால் புகைந்தது. படம் வரைந்துகொண்டிருந்த தீபா பென்சிலை வைத்துவிட்டுத் தோள்கள் ஏறியிறங்க மூச்சை இழுத்தாள். சுவரில் செம்மை படர்ந்தது.

"தாத்தா, லைட் லால் ஆயிடுச்சு," என்றாள் திணறலுக்கிடையே.

"அந்த பில்டரோட தூசுதான், கண்ணு. எங்கயாவது தங்கியிருக்கும்."

முகுந்த் தொலைக்காட்சியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

கிருஷ்ணப்ரியா குழந்தைக்கு இன்ஹேலரைக் கொடுத்தாள். சன்னல்களைத் திறந்தாள். பிறகு கருவியைக் கூடத்தை நோக்கித் திருப்பிவைத்துவிட்டு, மாமனாரின் எதிரே வந்து நின்றாள்.

"மாமா, எதிர்ல வேலையே நடக்கலை. அத்தைக்காக நீங்க போடற சாம்பிராணிப் புகைதான் இவளுக்கு மூச்சைப் பிடிக்குது."