வல்லிபுரத்தின் ஐந்து நாள்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. நிந்தவூரில் ஏறிக் கல்முனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீற்றில் றாபியா. மாநகரசபை ஒன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். "நீங்க எழுதுற ஆள்தானே? எங்கட ஒபிஸ்ல ஒரு மனிசன் இருந்தார்" என்று தொடங்கினார். அவர் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனது. இறங்கவில்லை. என்னுடையதும் தாண்டியது.

(அவர் சொன்னதில் கொஞ்சம் மறந்துவிட்டது. மறந்த இடத்தை நானே நிரப்பியிருக்கிறேன். எது அவருடையது, எது என்னுடையது என்று கேட்காதீர்கள்.)

2.

முதலில் இப்படி எழுதினேன்: "அன்று காலை கடல் பனையளவு எழுந்து ஊருக்குள்..."

அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அந்தச் சுனாமிக் காலையை எடுத்துச் சொல்ல நான் யார்? கதை அதற்கு நாலரை வருடம் கழித்து, யுத்தம் முடிந்த ஆண்டின் ஆகஸ்ட் மாதம், ஒரு கடிதத்தோடு தொடங்குகிறது.

றாபியா பார்த்தது தொழிலாளர் விவகாரம். குப்பை அள்ளுகிறவர்கள், வடிகால் கான் வெட்டுகிறவர்கள், அவர்களின் லீவு, முறைப்பாடு, சங்கத்தோடு நடக்கும் பேச்சுவார்த்தை, அதன் குறிப்பு எல்லாம் அவர் கையில். ஆணையாளரின் கோபமும் சங்கத்தின் கோபமும் முதலில் வந்து விழுவது அவருடைய மேசையில்தான்.

முப்பத்தொரு தற்காலிகத் தொழிலாளர்களுக்கு நிரந்தர நியமனம் வரவிருந்தது. கடைசி ஐந்து வருடம் இடைவிடாமல் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மேலிடத்துக் கடிதம் ஓட்டையைக் கண்டுபிடித்தது: 2004 டிசம்பர் 27 முதல் 31 வரை ஒருவருக்கும் கையொப்பம் இல்லை. கண்ணால் கண்ட சாட்சி இல்லாவிட்டால் சேவை முறிந்ததாகக் கொள்ளப்படும்.

கையொப்பப் புத்தகத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது; புதியது ஜனவரியில்தான் வந்தது.

"திங்கக்கிழம விளக்குமாற வெச்சிட்டு ரோட்டுல இருப்பம்" என்றான் சங்கச் செயலாளர் சுஜீபன். "அந்த அஞ்சு நாளும் நாங்க என்னத்த அள்ளினம் எண்டு அவங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"தெரியும் தம்பி. பைலுக்குத் தெரியாதே" என்றார் றாபியா.

அந்த ஐந்து நாளும் றாபியா பள்ளிக்கூட முகாமில் இருந்தார். நிரந்தர உத்தியோகத்தர் என்பதால் அவருக்கு விசேட லீவு. அவருடைய ஐந்து நாளை யாரும் கேட்கவில்லை. அது அவருக்கு உறுத்தியது.

3.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் அறிவிக்கச் சொன்னார் றாபியா: அந்த நாட்களில் தொழிலாளரைக் கண்டவர்கள் அலுவலகத்துக்கு வரவும். பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தார். முஸ்லிம் தெருக்களுக்குத் தமிழ்த் தொழிலாளரும், தமிழ்த் தெருக்களுக்கு முஸ்லிம் தொழிலாளரும் போயிருந்தார்கள். இடையில் எத்தனையோ கசப்பு. யார் யாருக்காக வரப் போகிறார்கள்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வரிசை படியிறங்கி ரோட்டுக்குப் போயிருந்தது.

சாய்ந்தமருது ஜெமீலா முதல் ஆள். "இவர்தான் என்ட மகளக் கிணத்துல இருந்து எடுத்துத் தந்தவர்" என்று தொழிலாளி ஒருவனைத் தொட்டுக் காட்டினாள். "பேர் தெரியா. முகம் மறக்கல்ல."

(இந்த வரிசையை விவரிக்க இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். எழுத எழுதச் சிறுத்தது. றாபியா சொன்னது மட்டும் போதும்: "நான் எழும்பி நிண்டுதான் எழுதினன். இருக்க ஏலாமப் போச்சு.")

மாலைக்குள் முப்பது பேருக்குச் சாட்சி கிடைத்தது. வல்லிபுரத்துக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

4.

வல்லிபுரம், கல்முனைக் கரையோரத்து மனிதர், ஐம்பது தாண்டியவர், அதிகம் கதைக்காதவர்.

"எந்தத் தெருவுல நிண்டீங்க அண்ணே?"

"கடலோரக் கடைசி ஒழுங்கை, புள்ள."

றாபியாவின் பேனா நின்றது. அந்த ஒழுங்கையில் சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

பக்கத்தில் நின்ற பள்ளிவாசல் நிர்வாகி அப்துல் ஹமீட் ஹாஜியார் மெல்லத் திரும்பினார். "அந்த ஒழுங்கைக்குப் பின்னால பதினொரு கபுறு கிடக்கு. ஆர் அடக்கினதெண்டு இண்டுவரைக்கும் எங்களுக்குத் தெரியா."

மூவரும் போனார்கள். தாழங்காட்டு ஓரம், மணலில் ஒரே வரிசை. ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் ஒரு கட்டை. தலை வடக்கே, வலப்பக்கம் சாய்த்துக் கிடத்தினால் முகம் மேற்கே, தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்க்கும், முதுகு கடலுக்கு. முறை தெரிந்த கை வெட்டிய கபுறுகள்.

"நாலாவதுல ரெண்டு பேர்" என்றார் வல்லிபுரம். "தாயும் கைப்புள்ளையும். அந்தப் புள்ள கைய விடல்ல. நானும் பிரிக்கல்ல."

"உங்களுக்கு எப்பிடி எங்கட முறை தெரியும்?" என்று கேட்டார் ஹாஜியார்.

"பத்து வருசம் உங்கட மையவாடியில, கபுறுகளுக்கு நடுவுல புல்லு வெட்டினன் ஹாஜியார். எத்தின தரம் பாத்திருப்பன்."

ஹாஜியார் மணலில் இருந்துவிட்டார். "யா அல்லாஹ்" என்றார். றாபியா நின்ற இடத்திலிருந்து ஓரடி பின்வாங்கினார். வல்லிபுரத்தின் நிழலில் கால் படக்கூடாது என்று தோன்றியதாம்.

(அவர் குழி வெட்டிய அந்தப் பொழுதை எழுத மூன்று தரம் முயன்றேன். "மண்வெட்டி மணலில்..." என்று ஒன்று. "தனியே ஒரு மனிதன்..." என்று ஒன்று. மூன்றாவதில் ஒரு சொல்லும் வரவில்லை.)

5.

"நான் கண்டது இந்தக் கபுறு. கையொப்பம் வைக்கிறன், எழுதுங்க மகள்" என்றார் ஹாஜியார்.

வல்லிபுரம் தலையை அசைத்தார். "வேணாம். இத வேலை எண்டு எழுதாதீங்க."

"எழுதாட்டி உங்கட சர்வீஸ் முறிஞ்சிரும் அண்ணே. பதினைஞ்சு வருசம்!"

"முறியட்டும் புள்ள. அதுகளுக்கு ஆரும் இல்லாததால செஞ்சன். சபைக்காகச் செய்யல்ல."

6.

முடிவுக்கு வந்துவிட்டோம். பஸ்ஸில் அவர் சொல்லச் சொல்லவே நான் மூன்று முடிவு வைத்திருந்தேன். ஒன்றில் வேலைநிறுத்தம் வெல்கிறது. ஒன்றில் ஆணையாளர் கண் கலங்குகிறார். ஒன்றில் நாலாவது கபுறைத் திறந்து பார்க்கிறார்கள். மூன்றாவதைச் சொன்னபோது றாபியா என்னைப் பார்த்த பார்வையில் மூன்றையும் கைவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் பகல் மூன்று மணிக்குச் சாட்சிப் பைல் மேலிடத்துக்குப் போகவேண்டும். படிவத்தில் "செய்த வேலை" என்று ஒரு நிரல். வெறுமையாக விட்டால் திரும்பி வரும். "வேலை" என்று எழுதினால் அந்த மனிதருக்குத் துரோகம். றாபியா பேனாவோடு இருந்தார். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏதோ எழுதினார்.

இரண்டு மாதத்தில் நியமனக் கடிதங்கள் வந்தன. முப்பத்தொன்று. வல்லிபுரம் தன்னுடையதை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கான் வெட்டப் போனாராம்.

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன். பஸ் கடைசித் தரிப்பில் நின்றிருந்தது.

"நீங்க எழுத்தாளர்தானே" என்றார். "நீங்க எண்டா என்ன எழுதியிருப்பீங்க?"

இறங்கிப் போய்விட்டார். எனக்கு இன்றுவரை அந்தச் சொல் கிடைக்கவில்லை. படிவத்தை உங்களிடம் தருகிறேன்.

பெயர்: க. வல்லிபுரம்
திகதி: 27.12.2004 முதல் 31.12.2004 வரை
செய்த வேலை: ..............................