நிழலில் எடுத்த படம்

அர்ஜுனன் தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேன். இலை வாட்டும் விசிறிகளுக்கும் உருட்டும் இயந்திரங்களுக்கும் மின்சாரம் தடைப்படாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வேலை முடிந்தால் கேமராதான். சட்டைப் பையில் போன் இருந்தும், பிலிம் போட்டு எடுக்கும் பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுவார். எஸ்டேட்டில் அதைப் பைத்தியம் என்று சிரித்தவர்களும் உண்டு. பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் அவரையே கூப்பிட்டவர்களும் உண்டு.

அதுவரை அவர் எடுத்ததெல்லாம் நெகட்டிவ் பிலிமில்தான். ஸ்லைடு பிலிமைப் பற்றிச் சொன்னவர் கோலாலம்பூரில் இருக்கும் குகனேஸ்வரன். பிலிம் பிரியர்களின் வாட்சப் குழுவில் பழக்கமானவர்.

"நெகட்டிவ்ல நீங்க கொஞ்சம் தப்பா எடுத்தாலும் பிரிண்ட் போடுறவன் சரி பண்ணிடுவான் அண்ணே. கலரைக்கூட அவனே மாத்திடுவான். ஸ்லைடுல அந்தக் கதையே இல்ல. பிலிம்ல என்ன விழுதோ அதுதான் படம். சுவத்துல பெருசா போட்டுப் பாருங்க, அப்புறம் வேற பிலிமைத் தொட மாட்டீங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நிழல்ல எடுத்தா நீலம் தட்டும். வெள்ளைச் சட்டைகூட லேசா நீலமாத்தான் விழும்."

இரண்டு சுருள் வாங்கினார். ஒன்றைக் கேமராவில் போட்டார். மற்றதைக் குளிர்பெட்டியில் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பின்னால் வைத்தார். ஈப்போவில் பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒரு புரொஜெக்டரும் கிடைத்தது. மனைவி திலகம் அதைத் துடைத்து அலமாரி மேல் வைத்தாள். எதற்கு இது என்று கேட்கவில்லை. அவருடைய கேமரா சமாச்சாரங்களில் அவள் தலையிடுவதில்லை.

அந்தச் சுருளை அவர் கஞ்சனைப் போலச் செலவழித்தார். காலை வெயில் கொழுந்தின் மேல் படும் நேரத்துக்காகச் சரிவில் நின்று காத்திருந்தார். மூடுபனி விலகாவிட்டால் எடுக்காமலே திரும்பினார். ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாப்பிடும்போதுகூடத் திலகத்திடம் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளாக அவள் தட்டில் சோறு மீதமாகிக்கொண்டிருந்தது. நாக்கு கசக்கிறது என்றாள். கையைச் சொறிந்தபடியே இருந்தாள். குளிரில் தோல் வறண்டிருக்கும் என்று அவர் தேங்காயெண்ணெய் எடுத்துக் கொடுத்தார்.

கடைசிப் படம் ஒன்று மிச்சமிருந்தது. அன்று வானம் தெளிவாக இருந்தது. திலகம் வேலைக்குப் புறப்பட்டு நின்றாள். சுற்றுப்பயணிகள் வந்து தேநீர் குடிக்கும் எஸ்டேட் கடையில் அவளுக்குச் சமையலறை வேலை. வெள்ளைச் சட்டைதான் சீருடை.

"இங்க வா. இந்தச் சுவரோரமா நில்லு."

"என்னை எதுக்குங்க? மலையை எடுங்க."

"மலை எங்கயும் போயிடாது. நில்லு."

வீட்டின் அந்தப் பக்கம் வெயில் விழாது. வெளிச்சத்தை அளந்தார், நகர்ந்து வந்து மறுபடி அளந்தார். சிரிக்க வேண்டாம், சும்மா என்னைப் பார் என்றார். திலகம் கண்ணை அகல விழித்து நேராகப் பார்த்தாள். எடுத்து முடித்ததும், "எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே பிலிமைச் சுற்றத் தொடங்கினார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

சுருள் கோலாலம்பூருக்குப் போய், கழுவி, அட்டைச் சட்டத்தில் மாட்டிய வில்லைகளாகத் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வெள்ளிக்கிழமை மகள் பூவிழியும் ஈப்போவிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். அங்கே ஒரு தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. தானா ராத்தா டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை அர்ஜுனன் மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். எதிரே வந்த லோரிகளின் விளக்கு அவர் கண்ணில் பூப்பூவாக விரிந்தது.

"என்னப்பா இவ்வளவு மெதுவாப் போறீங்க?"

"பனிம்மா. ஒண்ணும் தெரியல."

பூவிழி சாலையைப் பார்த்தாள். பனி அப்படி ஒன்றும் இல்லை.

வீடு சேரும்போது இருட்டிவிட்டது. கூடத்தில் மஞ்சள் பல்பு. அம்மா மெலிந்திருப்பதைப் பூவிழி உடனே கவனித்தாள். வேலை ஜாஸ்தி என்று திலகம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அர்ஜுனனுக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்பே புரொஜெக்டரை இறக்கி வைத்து, விளக்கை அணைத்து, வெள்ளைச் சுவரில் முதல் படத்தைப் போட்டார்.

தேயிலைச் சரிவு சுவர் முழுக்க எழுந்தது. அடுத்தடுத்து மாற்றினார். சில படம் இருண்டு போயிருந்தது. ஒன்றில் வானம் வெளுத்துப் போயிருந்தது. அதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. கடைசியாகத் திலகம் வந்தாள், ஆளைவிடப் பெரிய முகத்தோடு.

பூவிழி எழுந்து சுவரருகே போனாள். அவள் நிழல் படத்தின் ஓரத்தை மறைத்தது.

"அப்பா, அம்மா கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

"அது பிலிம் கலர்மா. ஸ்லைடுன்னா அப்படித்தான்."

"அப்ப சட்டை மட்டும் ஏன் நீலமா இருக்கு?"

அர்ஜுனன் பார்த்தார். சட்டை அவருக்கு நீலமாகத் தெரியவில்லை. பழைய பஞ்சின் நிறத்தில் தெரிந்தது. கண்களும் ஏறக்குறைய அதே நிறந்தான். அருகில் போய்ப் பார்த்தார். அப்போதும் அப்படியேதான்.

நிழல்ல எடுத்தா நீலம் தட்டும். குகனேஸ்வரன் சொன்னது அவருக்கு மனப்பாடம். நிழல் எல்லாவற்றையும் நீலத்தின் பக்கம் இழுக்கும். சட்டை நீலமாக விழுந்திருக்கிறது என்றால், அதே நிழலில் நின்ற கண் மஞ்சளாக விழுவதற்குப் பிலிமில் காரணம் கிடையாது. கண்ணே மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.

பின்னாலிருந்து திலகத்தின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்."

இருவரும் திரும்பினார்கள். அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணாடில பார்த்தேன். ஒண்ணுக்கு வேற சாயத் தண்ணி மாதிரி போகுது. கடையிலகூட ஒருத்தி கேட்டா. தூக்கமில்லைன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" பூவிழியின் குரல் உயர்ந்தது.

திலகம் மகளைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தாள். "பயமா இருந்துச்சு. அப்புறம், உங்க அப்பா ஒண்ணும் சொல்லலையே. இலை கொஞ்சம் நிறம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவர். அன்னைக்கு அவ்வளவு நேரம் என் கண்ணையே பார்த்துப் படம் எடுத்தார். நல்லாத்தான் இருக்கேன்னார். அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்."

அர்ஜுனன் மறுபடி சுவரைப் பார்த்தார். பூவிழி போய் விளக்கைப் போட்டாள். சுவரிலிருந்த முகம் வெளிறி மறைந்தது.

விடிந்ததும் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போனார்கள். பகல் வெளிச்சத்தில் திலகத்தின் கண்ணைப் பார்த்த நர்ஸ் வரிசையில் நிற்க விடாமல் உள்ளே அழைத்துப் போனாள். அன்றே ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஸ்கேன், பிறகு இன்னொரு ஸ்கேன். பித்தக் குழாய் குடலில் சேரும் இடத்தில் ஒரு கட்டி. அது வழியை அடைத்ததால்தான் மஞ்சள். நல்ல கட்டி இல்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஆனால் சின்னதாக இருக்கும்போதே காட்டிக்கொடுத்துவிட்டது, அறுத்து எடுக்கலாம், இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அதைச் சொல்லியிருக்க முடியாது என்றார்.

ஆபரேஷன் காலையில் தொடங்கி மாலை வரை நீண்டது. வெளியே நாற்காலியில் அப்பாவும் மகளும் ஒரு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் பூவிழி கேட்டாள்.

"தினமும் ஒரே வீட்டுலதானேப்பா இருக்கீங்க. எப்படித் தெரியாமப் போச்சு?"

அர்ஜுனன் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். "இந்தச் சுவர் என்ன கலரும்மா?"

"வெள்ளை."

"எனக்கு இது வெள்ளையாத் தெரியல. எத்தனை நாளாத் தெரியலைன்னும் தெரியல."

பூவிழி சற்று நேரம் அவர் கண்களையே பார்த்தாள். பிறகு இடையில் இருந்த காலி நாற்காலிக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். மோட்டரில் வந்த இரவு பனி அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

திலகம் பிழைத்தாள். மீண்டும் எழுந்து நடக்கவே வெகு நாள் பிடித்தது. ஆபரேஷன் புண் ஆறியதும் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வளையல்கள் முழங்கை வரை ஏறின. கடை வேலையை விட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈப்போவுக்குப் போய்க் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள்.

தன் கண்ணைக் காட்ட அர்ஜுனன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அவளுக்கு முடியட்டும் என்றார். பூவிழி விடவில்லை, தேதி வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு கண்ணிலும் புரை. அது மெல்ல மெல்ல மஞ்சளடித்துக்கொண்டே வருவதால் ஆளுக்குத் தெரியாது என்று கண் டாக்டர் சொன்னார். முதலில் வலது கண்ணைச் செய்தார்கள். கட்டுப் பிரித்தபோது டாக்டரின் சட்டையைப் பார்த்துக் கண் கூசியது. அவ்வளவு வெள்ளையை அவர் பல வருஷமாகப் பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரந்தான். அவருக்கு அழுகைதான் வந்தது.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய முதல் நாள் காலை திலகம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் புதிதாகக் குட்டை முடி முளைத்திருந்தது. அர்ஜுனன் அவள் முன்னால் போய்க் குந்தினார். கையில் எதுவும் இல்லை.

"என்னங்க?"

"சும்மா பாரு."

அவள் பார்த்தாள். அவர் இன்னும் அறுவை செய்யாத இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். கண்ணின் கீழ் இமை, உதட்டோர வெடிப்பு, கன்னத்தில் தோன்றியிருந்த பழுப்புப் புள்ளிகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அவர் எழவில்லை.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள் திலகம்.

அவர் இன்னும் ஒருமுறை அவள் கண்ணைப் பார்த்தார்.

"கண்ணு வெள்ளையா இருக்கு. சந்தேகமில்ல. ஆனா முகம் வெளிறிப் போயிருக்கு. ரொம்ப மெலிஞ்சுட்டே. ராத்திரி சரியாத் தூங்கல நீ."

"தூங்கலதான்" என்றாள் அவள். "வயிறு இழுத்துப் பிடிச்சுச்சு."

"எழுப்பியிருக்கலாமே."

"இனிமே எழுப்புறேன்."

அவர் கையை ஊன்றி எழுந்து, வேலைக்குப் போகச் சட்டையை மாற்ற உள்ளே போனார்.