ஆடு தின்ற இலைகள்

ரத்தோட்டைக்கு மேலே, பனி விலகாத சரிவில், மஸீனாவின் போஞ்சி அவரைத் தோட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மருந்துக்கும் ஒரு வெளுத்த இலை இல்லை. ஆராய்ச்சிக்கு வந்த விதுஷா பாத்தி பாத்தியாகக் குனிந்து தேடினாள்.

குளிரைத் தாங்கும் என்று சொல்லி அவளுடைய ஆய்வு நிலையம் கொடுத்த புது இனம் அது. தாங்குகிறதா என்பதை இலைதான் சொல்ல வேண்டும். கிளிப் மாட்டி இலையை அரைமணி நேரம் இருட்டில் வைத்து, பிறகு மீற்றரால் ஒளி பாய்ச்சினால், அந்த ஒளியைக் கொண்டு உணவு சமைக்க இலைக்கு இன்னும் எவ்வளவு தெம்பிருக்கிறது என்று தெரிந்துவிடும். குளிர் அடித்த இலையில் எண் விழும். இன்று எண்கள் நன்றாக வந்தால், அடுத்த போகத்தில் மலை முழுக்க இதே விதைதான்.

"வெளுத்த எலயெல்லாம் எங்கங்க?"

"மிஸ்மார் வாறீங்கண்டு நேத்தே ஆஞ்சிட்டோம்," என்றாள் மஸீனா பெருமையாக. "ஊட்டுக்கு ஆள் வந்தா கூட்டிப் பெருக்காம ஈக்க ஏலுமா? நான் சொல்லி மத்தத் தோட்டத்திலயும் ஆஞ்சி, ஆடு வயிறு முட்டத் தின்டிச்சி."

"அப்ப ஆட்டுக்குத்தான் கிளிப் மாட்டணும்."

விதுஷாவின் மேலதிகாரி சசிக்குமார் சிரிக்கவில்லை. "இருக்கிறதுல எடும்மா. பச்சை எலையும் எலைதானே? பின்னேரம் கூட்டம் இருக்கு."

"செத்ததையெல்லாம் ஒளிச்சிட்டு, யாரும் சாகலன்னு சொல்றதா சேர்? எடுக்க மாட்டேன்."

"ஒன்னோட வேல நிரந்தரமில்ல. ஞாபகம் வச்சுக்க."

ஞாபகம் இருந்தது. பெப்ரவரியோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித் தரும் கையெழுத்து இவருடையது. அவள் மஸீனாவிடம் திரும்பினாள்.

"இதே வெதையப் போட்டவங்கள்ல, நாங்க வர்றத யாருக்குச் சொல்லல?"

மஸீனாவின் முகம் இறுகியது. "மேல அன்ஸாபுக்கு. வேலிச் சண்டைக்குப் பொறகு அவரோட எங்களுக்குக் கத இல்ல."

விதுஷா மீற்றரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

"விதுஷா! வேன் கெளம்பப் போகுது!"

அவள் திரும்பவில்லை. அன்ஸாபின் பாத்திகளில் வெளுத்தவை வெளுத்தபடியே தொங்கின. அவர் மண்வெட்டியோடு நிமிர்ந்தார். "யாரு புள்ள நீங்க?"

"அன்ஸாப் நானா, ஆராய்ச்சிக்கு வந்தேன். ஒங்க எலையெல்லாம் பார்க்கணும்."

"பாக்கிற மாதிரி ஒண்டும் இல்லியே புள்ள."

"அதத்தான் பார்க்கணும்."

பச்சையென்றும் வெளுப்பென்றும் பார்க்காமல், வரிசையாகக் கைக்கு வந்த இலைகளில் எல்லாம் கிளிப்புகளை மாட்டினாள். கீழே வேன் ஹோர்ன் விடாமல் அலறியது. விதுஷா வரம்பில் ஏறி நின்று கத்தினாள்:

"எல அரைமணி நேரம் இருட்டுல இருக்கணும் சேர்! அதுவரைக்கும் அடிங்க!"