மாடியில் ஒரு மாப்பிள்ளை

"எங்க வீட்டுல பொண்ணே கிடையாது. மாப்பிள்ளை எங்கேருந்து வந்தாரு?"

பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கூட வந்த தம்பிகள் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. மாடிப் பகுதியை மாப்பிள்ளை ஆயுள் முழுவதும் அனுபவித்துக்கொள்ளலாம் என்ற அந்தப் பத்தி வேறொரு குடும்பத்துடையது.

டைப்பிஸ்ட் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. அந்த அலுவலகத்திலேயே தலை நரைத்தவள் அவள். பத்துப் பன்னிரண்டு பத்திரங்களை ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரில் திறந்துவைத்து, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டி, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவாள். கை தவறியது என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்படியானால் அது வேறு யாருடைய கையோ. ஃபைல்கள் எல்லாம் பொதுவில்தான் இருந்தன. பக்கத்து நாற்காலிக்காரியும் திறக்கலாம். சேர்ந்த அன்று யாரோ வேடிக்கையாகக் கூப்பிட, 'புதுப்பெண்' என்றே பெயர் நிலைத்துவிட்ட அவளுக்கு விரல்கள் ரொம்ப வேகம். மவுஸைத் தொடாமலே ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்குத் தாவுவாள். வக்கீல் அதை ஒருமுறை பாராட்டியது அக்காவின் காதில் இன்னும் இருந்தது.

மாப்பிள்ளைப் பத்தி பிடிபட்ட அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு கண் திரையில், ஒரு கண் பக்கத்தில். புதுப்பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால், எதற்கு இந்தக் கரிசனம் என்று தோன்றியது. கொடுக்காவிட்டால், முகத்தைப் பார்க்க முடியவில்லையாக்கும் என்று தோன்றியது. வக்கீல் விசாரித்தபோது அக்கா யார் பெயரையும் சொல்லவில்லை.

"நான் எழுந்து போற நேரத்துல யார் என்ன பண்றாங்கன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

அதுவே போதுமானதாக இருந்தது. வக்கீல் புதுப்பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் தலை குனிந்து நிற்பது தெரிந்தது. அழுகிறாளா, நடிக்கிறாளா என்று பார்த்தபடியே அக்கா ஒரு வாடகை ஒப்பந்தத்துக்கான நிபந்தனையை ஒட்டினாள். திரும்பிப் பார்த்தால் முன்னால் நின்றது வாடகை ஒப்பந்தமல்ல, ஒரு விவாகரத்து மனு. கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்வதற்குக் கீழே, 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்ற வரி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஒட்டியவுடன் சேமித்துவிடுவது அவள் பழக்கம். அதையும் விரல் செய்து முடித்திருந்தது.

அந்த வரியை அழிக்க ஒரு நொடி போதும். யாரும் பார்க்கவில்லை. அவள் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

"சார், அது என் கைதான். இவ இல்ல."

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று வக்கீல் கேட்டார். புதுப்பெண் இருவரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

அவளுடைய வேலை தப்பியது. அக்காவையும் வக்கீல் கடிந்துகொள்ளவில்லை. அவள் முடிக்கும் பத்திரங்களை மட்டும் தானே ஒருமுறை படிக்கத் தொடங்கினார். புதுப்பெண் ஜன்னலோர மேசைக்கு இடம் மாற்றிக்கொண்டாள். சில நாள் பொறுத்து அக்கா தானாகவே அவளருகில் போய் நின்றாள்.

"ஏம்மா, என் மேல கோவமா?"

"அதெல்லாம் இல்லக்கா. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

பேசிக்கொண்டே ஏதோ விசையைத் தட்டினாள். திறந்திருந்த ஃபைல்கள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிக் கீழே இறங்கி மறைந்தன. வெறும் நீலத் திரை. புதுப்பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா நகர்வதற்காகக் காத்திருந்தாள்.