சாமி முன்னால் வைத்த திரை

கறுப்புத் திரை மறுபடியும் வந்தபோது மணி ஒன்பதே முக்கால். சித்ரலேகா இணைப்பை அணைத்துவிட்டு மறுபடி இணைத்தாள்; அதே கறுப்பு.

விக்கிரமசிங்கபுரத்து வீட்டில் இருந்தபடி கங்கைகொண்டான் ஆலையின் கணினியை இயக்குவதுதான் அவள் வேலை. லாரியில் ஏறும் சரக்குக்குத் தரச்சான்று தயாரித்து, அங்குள்ள பிரிண்டரில் அச்சிட வேண்டும். இன்று விஜயதசமி, ஆலைக்கு விடுமுறை. கப்பலுக்கு ஏது விடுமுறை? பதினொரு மணிக்கு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும்.

இந்த மாதம் மூன்று தடவை திரை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவை மேலாளர் குமரகுருபரன் சத்தம்கூடப் போடவில்லை. "இன்னொரு தடவ ஸ்கிரீன் போச்சுன்னா, தெனமும் இங்கன வந்து வேல பாருங்கம்மா" என்றார். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் அம்மா உலகம்மாளை அதுவரை யார் தூக்கி உட்கார வைப்பது?

ஆலைக் கணினி ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில், அங்குள்ள திரையை இங்கே காட்டும் இந்த ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள்கள் அடிக்கும் கூத்து கொஞ்சமா? ஒன்று உள்ளே விட்ட கையோடு வெளியே தள்ளியது. இன்னொன்றில் இருட்டில் சுட்டி மட்டும் அலைந்தது. மூன்றாவது, அந்த முனையில் யாராவது 'சரி' அழுத்தினால்தான் ஆச்சு என்று சம்பந்தி வீட்டார் மாதிரி முறுக்கிக்கொண்டது. ஆலைக் காவலர் ஐயம்பெருமாளைப் போனில் பிடித்தாள்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல 'சரி'ன்னு வந்திருக்கும். அத அழுத்துங்க."

"கம்ப்யூட்டர் பூசையில இருக்கும்மா. நேத்து ஆயுத பூசைக்குத் துடைச்சுப் பொட்டு வச்சு, சாமி படத்துக்கு முன்னால வச்சிட்டேன். மேசைக்குக் கீழ ஒரு கறுப்புப் பொட்டி, அது பாட்டுக்கு ஓடுது, அதத் தொடல."

திரையைத்தான் கணினி என்று நினைத்துக் கழற்றியிருக்கிறார் மனிதர். திரை இல்லாவிட்டால், யாருக்குப் படம் காட்ட என்று அந்தப் பெட்டி சும்மா இருந்துவிடும்.

"எடுத்து மாட்டிருங்க அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மறுபூசைக்கு முன்ன எடுக்கப்பிடாதும்மா. மொதலாளி வீட்டுல இருந்து பன்னெண்டு மணிக்கு வருவாவ. எடுத்தது தெரிஞ்சா என் வேல போயிரும்."

ஆத்திரத்தில் போனை மெத்தையில் எறிந்தாள். மணி பத்தேகால்.

அப்போதுதான் ஜாஸ்பர் எழுதிக்கொடுத்த தாள் நினைவுக்கு வந்தது. இந்த வேலையை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவன். படம் வராவிட்டால் டெர்மினல் வழியாக உள்ளே போ, எழுத்திலேயே கட்டளை கொடு என்று நாலைந்து வரி எழுதித் தந்திருந்தான். இந்தக் காலத்தில் இது எதுக்கு என்று சிரித்தபடி நோட்டில் செருகினாள். அந்த நோட்டு எங்கே? பூசை மாடத்தில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், சந்தனப் பொட்டோடு இருந்தது. அவளே வைத்ததுதான்.

நீட்டிய கை பாதியில் நின்றது. இப்போதுதானே அந்த மனிதரை எடுக்கச் சொன்னோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கட்டிலில் இருந்து உலகம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏட்டி, நம்ம வீட்டுப் பூசைக்கு எந்த மொதலாளி வரணும்? சூடத்தப் பொருத்திக் கும்பிட்டுட்டு எடு."

மூன்றாவது தீக்குச்சியில்தான் சூடம் பற்றியது. அணையும்வரை நிற்க நேரமில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு நோட்டை உருவினாள்.

முதல் வரியில் ஓர் எழுத்துப் பிழை, கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தது. படமில்லை, சுட்டியில்லை, வெறும் எழுத்து. சான்றை அச்சிடச் சொல்லும் கடைசி வரியைத் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. ஐயம்பெருமாள்.

"எம்மா, பிரிண்டரு தாளாத் தள்ளுது! கம்ப்யூட்டர் இன்னும் சாமி முன்னாலதான இருக்கு?"

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. தாள லாரிக்காரர்கிட்ட குடுங்க."

பத்து ஐம்பதுக்கு மேலாளர் கூப்பிட்டார். "லாரி கெளம்பிட்டு. இன்னைக்கு ஸ்கிரீன் போகலையே?"

ஐயம்பெருமாளின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"இல்ல சார். ஸ்கிரீன் இல்லாமலே வேலைய முடிச்சிட்டேன். இனிமே அது வேண்டாம்."

"அப்ப சரி. வீட்டுல இருந்தே பாருங்க."

போனை வைத்த பிறகுதான் கண் நிறைந்துவிட்டது.

"அழுதது போதும்" என்றாள் உலகம்மாள். "ஒம்பது மணில இருந்து சொல்லாம கெடக்கேன். பைய என்னத் தூக்கி உக்கார வை."