புதிது என்று எழுதிய ரோட்டார்

அந்தப் பழைய பிக்கப் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மெக்கானிக் காலையிலிருந்து சுத்தியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேடுகளைத் தாங்கியிருக்கும் காலிப்பர் எளிதாக வந்துவிட்டது. அதற்குள் இருக்கும் ரோட்டார், அதாவது பிரேக் மிதித்தால் பேடுகள் இறுக்கிப் பிடிக்கிற இரும்புத் தட்டு, துருவேறி, சக்கரம் மாட்டும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எண்ணெய் அடித்து ஊறவிட்டார், சுற்றிச் சுற்றித் தட்டினார். சத்தம் தெருமுனை வரை கேட்டதே தவிர, தட்டு மசியவில்லை.

உண்மையைச் சொன்னால் அவர் மனசும் வேலையில் இல்லை. வண்டிக்காரம்மா எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாரே!

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. கழட்டினதும் போன் பண்றேன்."

"இருக்கட்டும்ணே. என் கண்ணால பாத்துட்டே போறேன்."

கட்டிலும் பீரோவும் ஏற்றிப்போய் வீடு வீடாக இறக்கிப் பிழைக்கிற குடும்பம். அந்த அம்மா ஓட்டுவார், கணவர் இறக்குவார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு குடோன் சரிவில் வண்டி இறங்கியபோது, கீழே கைகாட்டிக்கொண்டிருந்த கணவர்மேல் மோதித்தான் நின்றது. இரண்டு காலும் முறிந்து படுக்கையில் கிடக்கிறார். பிரேக் பிடிக்கவில்லை என்று அந்த அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏழு மாதத்துக்கு முந்தைய வண்டிப் பரிசோதனைச் சீட்டில் 'முன் ரோட்டார்கள் இரண்டும் புதிது' என்று கையெழுத்தோடு இருக்கிறது. பிறகென்ன, பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று எல்லோரும் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ஸ்டீயரிங்கைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதில் முந்திக்கொண்டார்கள்.

"வண்டிய வித்தே ஆகணும்னு கொழுந்தன் ஒத்தக்கால்ல நிக்கிறாரு," என்றார் அந்த அம்மா. "வீட்டுக்காரரு வாய்விட்டு ஒண்ணும் சொல்லல. ஆனா என் முகத்தப் பாத்துப் பேசறதே இல்லண்ணே. அன்னிக்கு நான் பிரேக்கத்தான் மிதிச்சேனா, பதட்டத்துல கால் வேற எங்கயாவது போச்சான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

மெக்கானிக் இரண்டு போல்ட்டுகளை எடுத்தார். ரோட்டாரில் இதற்கென்றே இருக்கும் மரை ஓட்டைகளில் அவற்றைப் பொருத்தி, இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினார். 'டொக்'கென்று தட்டு பிடியை விட்டது. நடுவில் பூசியிருந்த வெள்ளிப் பெயின்ட் உதிர்ந்து, அடியிலிருந்த துரு தெரிந்தது. வெளிப்பக்கம்கூடப் பரவாயில்லை. உட்பக்கம் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது.

"புதுசுன்னு எழுதியிருந்துதே. அதுக்குள்ள இப்படி ஆகுமாண்ணே?"

ஒன்றரை மாதம் சும்மா நின்றதில் பிடித்த துரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நம்பிவிடுவார். வண்டி கைமாறிவிடும், சீட்டிலிருக்கும் கையெழுத்தும் தப்பிக்கும். மெக்கானிக்குக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கையெழுத்து அவருடையதுதான். ஆனால் எதிரே இருப்பவர் தன் காலையே நம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு, அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"இது புதுசு இல்லம்மா. வண்டியோட வந்ததே இதான்," என்றார். "அன்னிக்கும் இப்படித்தான் கழட்ட வரல. மறுநாள் பரிசோதனைக்குக் கடைசி நாள், நீங்களும் அவசரம்னீங்க. வெளிய தேய்ச்சு, வெள்ளிப் பெயின்ட் அடிச்சு, பேட மட்டும் மாத்திட்டு, ரோட்டார் புதுசுன்னு எழுதிட்டேன். எல்லா ஒர்க்‌ஷாப்லயும் செய்யறதுதானேன்னு நெனச்சேன். அதிகாரியும் மேலாகப் பாத்துட்டு முத்திரை குத்திட்டாரு. உங்க கால் சரியாத்தாம்மா மிதிச்சிருக்கு. தப்பு என்னோடது."

அந்த அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"'கழட்ட வரலம்மா, இன்னும் ஒரு நாள் ஆகும்'னு சொல்லியிருக்கலாமேண்ணே. நான் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன். அவ்வளவுதானே?"

ஒரு நாள் தாமதத்துக்குப் பயந்து இரண்டு பேர் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று மெக்கானிக்குக்கு உறைத்தது.

"இப்பவே வர்றேம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்றேன். பரிசோதனை ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்துடறேன். என் லைசென்ஸ் போனாலும் போகட்டும்."

"வாங்க, சொல்லுங்க. சொல்லிட்டா அவரு எழுந்து நடந்துட மாட்டாரு," என்று அந்த அம்மா எழுந்தார். "ஆனா ஒண்ணுண்ணே. கழட்டிப் பாக்காத எதுக்கும் இனிமே கையெழுத்துப் போடாதீங்க. போடறவங்களையும் சும்மா விடாதீங்க. உங்க கையெழுத்த நம்பித்தான் அவரு வண்டி முன்னால போய் நின்னாரு."